காரைக்குடி வீட்டில் குளுக்கோமீட்டர்: சில ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

எனக்குத் தெரிந்த பல வீடுகளில், ரத்தத்தில் சர்க்கரை அளவைக் காட்டும் குளுக்கோமீட்டர் பீரோவுக்குள் பெட்டியோடு தூங்குகிறது. ஊசிக்குப் பயம் என்று காரணம் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஓர் எண் வருகிறது. குறைந்தால் மகிழ்ச்சி, கூடினால் கவலை, அத்தோடு சரி. எதைத் தெரிந்துகொள்ளக் குத்துகிறோம் என்பது விளங்காமல் எத்தனை நாள்தான் விரலைக் குத்திக்கொண்டிருப்பது?

என்னை இந்தப் பழக்கத்தில் நிறுத்தியது ஜோடியாகப் பார்ப்பதுதான். ஏதாவது ஒரு உணவை எடுத்துக்கொண்டு, சாப்பிடும் முன் ஒரு முறை, முதல் வாய் வைத்ததிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறை பார்ப்பேன். நோட்டில் இரண்டு எண்களுக்கும் பக்கத்தில் என்ன சாப்பிட்டேன், எவ்வளவு என்றும் எழுதுவேன். பொதுவாகச் சொல்லப்படும் இலக்கு, சாப்பாட்டுக்கு முன் 80 முதல் 130, இரண்டு மணி நேரத்துக்குப் பின் 180க்குள் (எண்கள் எல்லாம் ஒரு டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கு). வயதையும் மருந்தையும் பார்த்து மருத்துவர் இதை மாற்றிச் சொல்வார்.

செட்டிநாட்டுச் சமையலுக்கு இந்தக் கணக்கு மிகவும் தேவை. கந்தரப்பத்தில் வெல்லம் இருப்பது எல்லோருக்கும் தெரியும், கை தானாகப் பின்வாங்கும். வெள்ளைப் பணியாரம் இனிக்காது. ஆனால் அதுவும் பச்சரிசிதான். காரச் சட்னியோடு நாலைந்து உள்ளே போய்விடும். என் நோட்டில் அதிகம் ஏறிய எண்கள் இனிப்பு சாப்பிட்ட நாட்களில் வந்தவை அல்ல, பணியாரமும் இடியாப்பமும் சாப்பிட்ட காலைகளில் வந்தவை.

ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்தில் இருந்த ஆச்சி, "கவுனி அரிசி சர்க்கரைக்கு நல்லது ஆத்தா, நன்றாகச் சாப்பிடு" என்று பரிமாறுபவரைக் கூப்பிட்டு இன்னொரு கரண்டி வைக்கச் சொன்னார். கறுப்பு அரிசி, உமி மட்டும் நீக்கியது, நார்ச்சத்து உள்ளது, அதெல்லாம் உண்மை. ஆனால் இலையில் வருவது சர்க்கரையும் தேங்காய்ப்பூவும் நெய்யும் சேர்த்துக் கிளறியது. இரண்டு மணி நேரம் கழித்துக் கைப்பையில் இருந்த கருவி 228 காட்டியது. பிறகு வீட்டில் சாதத்தைக் குறைத்துக்கொண்டு ஒரே ஒரு கரண்டி கவுனி அரிசி சாப்பிட்டுப் பார்த்தேன், 171 வந்தது. இப்போது எந்த விசேஷத்திலும் அதை நான் ஒதுக்குவதில்லை. எவ்வளவு என்று தெரிந்துவிட்டது.

கருவியின் எண்ணைக் கல்வெட்டாக நினைக்க வேண்டாம். வீட்டுக் கருவிகளுக்கான ஐஎஸ்ஓ 15197 என்ற சர்வதேசத் தரம் (2013), 100க்கு மேற்பட்ட அளவுகளில் ஆய்வக முடிவிலிருந்து 15 சதவீதம் வரை விலகலை ஏற்கிறது. ஆய்வகத்தில் 200 என்று வந்தால் கருவி 170 முதல் 230 வரை எதையும் காட்டலாம். ஆகவே நேற்று 128, இன்று 136 என்று மனம் கலங்கத் தேவையில்லை. மூன்று மாத சராசரியைச் சொல்லும் ஹெச்பிஏ1சி பரிசோதனையை விட்டுவிடவும் கூடாது.

கைகளைச் சோப்பு போட்டுக் கழுவி ஈரம் போகத் துடைப்பது முக்கியம். மாம்பழம் நறுக்கிய விரலில் குத்தினால் எண் பொய்யாக ஏறும். நுனியில் குத்தாமல் பக்கவாட்டில் குத்தினால் வலி குறைவு. விரலைப் பிழிந்து எடுக்க வேண்டாம். ரத்தத் துளியை வைக்கும் ஸ்ட்ரிப்புக்கு வெயிலும் ஈரமும் ஆகாது. அடுப்படியில் வைக்கக் கூடாது, ஃபிரிட்ஜிலும் கூடாது. கத்திரி வெயிலிலும் சூடேறாத, தடித்த சுவர்களுள்ள உள் அறை அலமாரியில் நான் வைத்திருக்கிறேன். ஒரு ஸ்ட்ரிப்பை எடுத்தவுடன் டப்பாவை மூடிவிட வேண்டும்.

மாத்திரை மட்டும் எடுப்பவர்கள் நாள் முழுக்கக் குத்திக்கொள்ள வேண்டியதில்லை. இன்சுலின் போடுபவர்களின் கணக்கு வேறு, அதை மருத்துவர்தான் வகுக்க வேண்டும். யாருக்காக இருந்தாலும் 70க்குக் கீழே போனால் யோசிக்க நேரமில்லை. மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

புதிதாக வாங்குபவர்கள் கருவியின் விலையைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். கருவி ஒரு முறைச் செலவு, ஸ்ட்ரிப் மாதாமாதம். ஒரு கம்பெனி ஸ்ட்ரிப் இன்னொரு கம்பெனி கருவியில் ஏறாது. உங்கள் ஊர் மருந்துக் கடையில் எந்த ஸ்ட்ரிப் எப்போதும் இருப்பில் இருக்கிறது, டப்பா என்ன விலை, காலாவதி தேதி எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று கேட்டுவிட்டு, அதற்கேற்ற கருவியை வாங்குங்கள்.