ராமேஸ்வரம் போகிற வழியில் ஜெட் ஸ்கீ பேக்கேஜ்: பணம் கட்டுமுன் படியுங்கள்

அரையாண்டு லீவுக்குப் பிள்ளைகளோடு ராமேஸ்வரம் போகத் திட்டம் போட்டிருப்பவர்கள் இதை முழுதாகப் படித்துவிடுங்கள். ராமநாதபுரத்துக்கும் மண்டபத்துக்கும் நடுவில், பாக் விரிகுடாப் பக்கக் கடற்கரை ஒன்றில் போன டிசம்பரில் எங்கள் குடும்பத்துக்கு நடந்தது இது.

ஜெட் ஸ்கீ, பனானா போட், பவளப்பாறை பார்க்கக் கண்ணாடிப் படகு, மதியம் மீன் சாப்பாடு எல்லாம் சேர்த்துத் தலைக்கு 1,500 ரூபாய் என்று போனில் பேசினார்கள். பாதிப் பணத்தை ஜிபேயில் முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்கள். பணம் போன கணக்கில் இருந்தது வேறு யாரோ ஒருவர் பெயர். ரசீது கேட்டதற்கு, "நேர்ல வாங்கக்கா, கையில குடுத்துர்றோம்" என்றான் அந்தப் பையன். கடைசிவரை ஒரு துண்டுச் சீட்டுகூட வரவில்லை. அங்கே போய் இறங்கியதும், 1,500 என்பது ஒரு ரவுண்டுக்கு மட்டும்தான், இரண்டாவது ரவுண்டுக்குத் தனிக் காசு என்றார்கள். சாப்பாடு நாலு மணிக்கு வந்தது, ஆறிப்போன சோறும் மூன்று துண்டு மீனும். அதை விடுங்கள்.

எனக்கு ஆத்திரம் கடல் விஷயத்தில்தான். இந்தக் கரையில் இரண்டு கடல் உண்டு. தெற்கே மன்னார் வளைகுடா, வடக்கே பாக் விரிகுடா. ஆடி மாதக் கச்சான் காற்றில் தென்கடல் கொந்தளிக்கும்போது வடகடல் குளம் மாதிரி கிடக்கும். ஐப்பசிக்கு மேல் வாடை கிளம்பிவிட்டால் நிலைமை தலைகீழ். வடகடல் கலங்கி, சேறும் கடல் புல்லுமாகப் புரளும். கரையில் பிழைப்பு நடத்துகிறவர்களுக்கு இது தெரியாமல் இருக்காது. மார்கழியில் அங்கே பவளப்பாறை பளிச்சென்று தெரியும் என்று சொல்லிக் காசு வாங்குவது தெரிந்தே செய்கிற ஏமாற்று. கண்ணாடிக்கு அடியில் நாங்கள் பார்த்தது பழுப்புத் தண்ணீர் மட்டும்.

அப்புறம் ஜெட் ஸ்கீ. ஓட்டத் தெரிந்த ஆள் ஒருவர் கூட வருவார் என்றுதான் போனில் பேச்சு. அங்கே போனால், "நீங்களே ஓட்டுங்கண்ணே, ஸ்கூட்டி மாதிரிதான்" என்று என் தம்பியை முன்னாலும் என் மகனைப் பின்னாலும் ஏற்றிவிட்டார்கள். ஸ்கூட்டி மாதிரி இல்லவே இல்லை. ஜெட் ஸ்கீ அடியிலிருந்து தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சித்தான் ஓடுகிறது, அந்தப் பீய்ச்சலை வைத்துத்தான் திரும்புகிறது. பயந்துபோய் ஆக்ஸிலரேட்டரை விட்டுவிட்டால் ஹேண்டிலை எவ்வளவு ஒடித்தாலும் சரியாகத் திரும்பாது, நேராகவே போகும். இதை யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. ஓட்டுகிறவர் மணிக்கட்டிலோ ஜாக்கெட்டிலோ மாட்ட ஒரு சுருள் கயிறு உண்டு. ஆள் விழுந்தால் அது பிடுங்கிக்கொண்டு எஞ்சினை நிறுத்திவிடும். அந்தக் கயிற்றை ஹேண்டிலிலேயே சுற்றிக் கட்டி வைத்திருந்தார்கள்.

அங்கே ஆழமும் இல்லை, அடியெல்லாம் புல். கொஞ்ச தூரம் போனதுமே புல்லை உறிஞ்சி வண்டி அடைத்து நின்றுவிட்டது. பக்கவாட்டில் அலை அடித்ததும் கவிழ்ந்தது. மகனுக்குக் கொடுத்திருந்தது பெரியவர்கள் சைஸ் லைஃப் ஜாக்கெட். கொக்கி உடைந்து நைலான் கயிறு கட்டியிருந்தது. அவன் தண்ணீரில் விழுந்ததும் அது மேலே ஏறி முகத்தை மூடிவிட்டது. கரையில் நின்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். தம்பிதான் அவனைப் பிடித்துக்கொண்டு கிடந்தான். பக்கத்தில் வலை இழுத்துக்கொண்டிருந்த வள்ளக்காரர் ஒருவர் வந்து இருவரையும் ஏற்றினார். "வாடை தூக்குற நேரத்துல இங்குட்டுப் பிள்ளைகள எறக்குவாகளா யம்மா? எத்தன தடவ சொன்னாலும் கேக்க மாட்டேங்குறாக" என்றார். அவர் காசு வாங்க மறுத்துவிட்டார்.

பிள்ளைக்கு ஜாக்கெட் மாட்டியதும் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காது வரை ஏறினால் அது அவனுடைய சைஸ் இல்லை. வேறு இல்லை என்றால் ஏற்றாதீர்கள், முன்பணம் போனாலும் சரி. காரங்காட்டில் அலையாத்திக் காட்டைப் பார்க்க வனத்துறைப் படகில் போயிருக்கிறோம். ஜாக்கெட் எல்லோரும் சரியாகக் கட்டிய பிறகுதான் அங்கே படகை எடுத்தார்கள்.

இவ்வளவுக்கும் மேல், வண்டியில் கீறல் விழுந்துவிட்டது, 12,000 கொடுங்கள் என்று மடக்கினார்கள். எங்கள் பைகள் அவர்கள் கொட்டகைக்குள் பூட்டியிருந்தன. மாமாவோடு அத்தையும் சேர்ந்து வாதாடிப் பார்த்தார்கள், பலிக்கவில்லை. தம்பி மகள் அவன் ஏறும்போது வீடியோ எடுத்திருந்தாள். அதில் அந்தக் கீறல் முன்பே இருந்தது. அதைக் காட்டி, கடலோரக் காவல்துறையின் 1093க்குப் போன் போடுகிறேன் என்று நான் எண்ணை அழுத்தத் தொடங்கியதும் சாவி தானாக வந்தது. முன்பணம் வரவில்லை.

நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். திங்கள்கிழமைக் குறைதீர்க்கும் கூட்டத்தில் கலெக்டர் ஆபீஸில் மனுவும் கொடுத்தாயிற்று. ஜிபே விவரம், வீடியோ எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. இதே மாதிரி கீறல் கதை சொல்லி அந்தப் பக்கம் யாரிடமாவது பணம் பிடுங்கியிருந்தால், தேதியும் ஜிபே ஸ்கிரீன்ஷாட்டும் தனிச் செய்தியில் அனுப்புங்கள். அடுத்த மனுவில் சேர்த்துக் கொடுக்கிறேன்.