காற்றாலைக் கரண்ட் வாங்கி இரண்டு சீசன்: பல்லடம் பக்கத்து மில்லின் கணக்கு

பல்லடத்துக்கும் காரணம்பேட்டைக்கும் நடுவில் எங்கள் ஓ.இ. (ஓப்பன் எண்ட்) நூல் மில். வேஸ்ட் பஞ்சில் 10ஆம் நம்பர், 20ஆம் நம்பர் நூல் ஓட்டுகிறோம். 450 கே.வி.ஏ. எச்.டி. (உயர் அழுத்த) சர்வீஸ், மாதம் சுமார் 2 லட்சம் யூனிட். பஞ்சுக்கு அடுத்த பெரிய செலவு எங்களுக்குக் கரண்ட்தான். மாமனார் காலத்தில் ஈ.பி. பில் வரும், கட்டுவார், அத்தோடு முடிந்தது. மின்சாரத்தை நாலு இடத்தில் விலை கேட்டு வாங்கலாம் என்பதே அவருக்குப் புதுச் செய்தி. "ஏனம்மிணி, கரண்ட் என்ன கத்திரிக்காயா, சந்தைக்குப் போய் வெலை கேக்கறதுக்கு?" என்றார்.

கேட்க வைத்தது 2022 செப்டம்பர் 10. அன்றுமுதல் எச்.டி. தொழிற்சாலைக்கு யூனிட் 6.35லிருந்து 6.75 ஆனது. டிமாண்ட் கட்டணம், அதாவது ஒரே நேரத்தில் எவ்வளவு பளு எடுக்கிறோம் என்பதற்கான மாதக் கட்டணம், கே.வி.ஏ.வுக்கு 350லிருந்து 550. காலை 6 முதல் 10, மாலை 6 முதல் 10 பீக் நேரம், அதற்கு 25 சதவீதம் கூடுதல். எங்கள் பில்லில் டிமாண்டில் மட்டும் மாதம் 80,000க்கு மேல் ஏறியது, யூனிட்டில் இன்னொரு 80,000. பீக்கில் ஓடும் ஒரு யூனிட் 8 ரூபாய் 44 காசு. பீக்கில் மில்லை நிறுத்தலாமே என்று வெளியே இருப்பவர்கள் சுலபமாகச் சொல்வார்கள். ஓ.இ. மெஷினை நிறுத்தினால் திரும்ப ஓட்டும்போது நூலை முறுக்கும் ஒவ்வொரு ரோட்டாரிலும் நூலைப் பிணைத்துக்கொண்டு வரவேண்டும். பாதி ஓடிய கோன் தரம் கெடும். ஷிப்ட் ஆட்களுக்குச் சும்மா உட்கார்ந்தாலும் சம்பளம் உண்டு. எங்களால் முடியவில்லை.

அப்புறம் மூன்று மாதம் அலைந்தேன். பவர் எக்ஸ்சேஞ்ச் என்று ஒன்று 2008லிருந்தே இருக்கிறது. நாளைய கரண்டை 15 நிமிடத் துண்டுகளாக, நாளுக்கு 96 துண்டுகளாக ஏலத்தில் வாங்கலாம். ஆனால் 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் திறந்த அணுகல், அதாவது வாரியத்தின் கம்பி வழியாகவே வெளியாரிடம் கரண்ட் வாங்கும் உரிமை, 1 மெகாவாட்டுக்கு மேல் எடுப்பவர்களுக்குத்தான். 2022 ஜூனில் வந்த மத்திய விதி பசுமை மின்சாரத்துக்கு மட்டும் அந்த எல்லையை 100 கிலோவாட்டாகக் குறைத்தது. அப்படி வெளியாரிடம் வாங்கினாலும் குறுக்கு மானியக் கூடுதல் கட்டணம் என்று ஒன்று மேலே ஏறும். மற்றவர்களுக்கு மலிவாகத் தருவதை ஈடுகட்ட, வெளியே போகும் நம்மிடம் வாங்குவது அது. அதோடு கூட்டிப் பார்த்தால் எனக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். அதை விட்டுவிட்டேன்.

மிச்சம் இருந்தது குரூப் கேப்டிவ். காற்றாலைக் கம்பெனியில் நம்மைப்போலப் பல மில்கள் சேர்ந்து குறைந்தது 26 சதவீதப் பங்கு வைத்திருக்க வேண்டும். அந்தக் காற்றாலை தயாரிப்பதில் 51 சதவீதமாவது நாமே பயன்படுத்த வேண்டும். அப்படி இருந்தால் அது நம் சொந்தக் கரண்ட் என்று கணக்கு, குறுக்கு மானியக் கட்டணம் கிடையாது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று உடுமலை, கேத்தனூர், பூளவாடி வழியாக எங்கள் தலைக்கு மேலேயேதான் போகிறது. அந்தக் காற்றில் பங்கு வாங்குவது எனக்குப் பிடித்திருந்தது, மறைக்கவில்லை.

கோவையில் ஆபீஸ் வைத்திருக்கும் ஒரு கம்பெனி. பேர் வேண்டாம். அங்கிருந்து வந்த தம்பி ஒரே ஒரு தாளை மேசையில் வைத்தார். அதில், கம்பெனி விலை 4.90, ஈ.பி. விலை 6.75, யூனிட்டுக்கு மிச்சம் 1.85. வருடம் 14 லட்சம் யூனிட்டுக்கு 25 லட்சத்து 90 ஆயிரம். மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை பார்த்தார்.

பேனாவை எடுத்து அந்தத் தாளிலேயே எழுத ஆரம்பித்தேன். காற்றாலையில் 100 யூனிட் கிளம்பினால் லைன் இழப்பு போக எங்கள் மீட்டருக்கு வருவது சுமாராக 93 என்றார் அவரே. அப்படியென்றால் 4.90 என்பது 5.27. கடத்துவதற்கு, வீலிங்குக்கு (வாரியத்தின் கம்பியில் கொண்டுவருவதற்கு), ஷெட்யூலிங்குக்கு (நேரவாரியாகக் கணக்கு வைப்பதற்கு), மீட்டர் படிப்பதற்கு என்று தனித்தனியாக இருப்பதைக் கூட்டினால் இன்னொரு 70 காசு. பங்கில் போடும் பணத்துக்கு வட்டி 2 காசு. ஆக 6 ரூபாயைத் தொடுகிறது. மிச்சம் 1.85 இல்லை, 75 காசு. தம்பி மறுக்கவில்லை. "அக்கா, எல்லோரும் தாள்ல மேலே போட்ட விலையை மட்டும்தான் கேப்பாங்க" என்றார். அவர் சொன்னது நிஜம். அதுதான் எனக்குக் கவலையாக இருந்தது.

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டும் இல்லை. என் நாத்தனார் பையன் அமெரிக்காவில் டல்லாஸ் பக்கம் இருக்கிறான். டெக்சாஸில் 2002 ஜனவரியிலிருந்து பெரும்பாலான ஊர்களில் வீட்டுக்கே கரண்ட் கம்பெனியைத் தேர்ந்தெடுக்கலாம். அரசு ஆணையமே 'பவர் டு சூஸ்' என்று ஒரு தளம் நடத்துகிறது. ஒவ்வொரு திட்டத்துக்கும் 500, 1000, 2000 யூனிட்டுக்கு சராசரி விலை என்ன என்று ஒரு தாளில் போட்டே ஆகவேண்டும். அவன் 1000 யூனிட் விலையைப் பார்த்து ஒன்றை எடுத்தான். 1000 யூனிட் எட்டினால் ஒரு தொகை கழிவு என்பதால்தான் அந்த விலை குறைச்சலாகத் தெரிந்தது. குளிர்காலத்தில் 940 யூனிட்டோடு நின்ற மாதம் கழிவே இல்லை, பில் எகிறிவிட்டது. போனில் அவன் சொன்னதைக் கேட்டபோது என் மேசையில் கிடந்த தாள்தான் ஞாபகம் வந்தது. ஆனால் அங்கே எல்லாக் கம்பெனிக்கும் ஒரே மாதிரித் தாள். இங்கே கம்பெனிக்கு ஒரு தாள், நாமே கோடு போட்டுக் கூட்டவேண்டியிருக்கிறது.

75 காசு மிச்சத்துக்கே கையெழுத்துப் போட்டேன். இரண்டு காரணம். ஒன்று, 4.90 நிலையான விலை. 'ஈ.பி. விலையில் இவ்வளவு குறைத்து' என்று எழுதும் கம்பெனிகளும் உண்டு. அதில் ஈ.பி. ஏறினால் அவர்கள் விலையும் சேர்ந்து ஏறும். 2023 ஜூலையில் 6.90, 2024 ஜூலையில் 7.25 என்று ஏறியபோது எங்கள் 4.90 அசையவில்லை. இன்னொன்று, அவர்களுடையது 2018 மார்ச்சுக்கு முன் நிறுவிய காற்றாலை. சீசனில் மிஞ்சுவதை வாரியத்தின் கணக்கில் பேங்கிங் செய்து, அதாவது சேர்த்துவைத்து, அந்த நிதியாண்டு முடிவதற்குள் எடுத்துக்கொள்ளலாம். அதற்குப் பின் வந்தவற்றுக்கு அந்த வருட பேங்கிங் இல்லை. நாலு மாதம் அடித்து எட்டு மாதம் சோம்பிக் கிடக்கும் காற்றுக்கு இது ரொம்பப் பெரிய விஷயம்.

2023 வைகாசிக் கடைசியில் காற்று அடிக்க ஆரம்பித்தது. ஆனி பில்லைப் பார்த்து மாமா ஆளுக்கொரு இளநீர் வெட்டச் சொன்னார். ஜூலை ஸ்டேட்மெண்ட் வந்தபோதுதான் இடித்தது.

ஒரு நாளை சி1 முதல் சி5 வரை துண்டு துண்டாகப் பிரித்துக் கணக்குப் பார்ப்பார்கள். எந்தத் துண்டில் காற்றாலை ஓடியதோ அந்தத் துண்டில் நம் யூனிட் கழியும். சி2 என்பது மாலை பீக். காற்றாலையில் பங்கு வாங்கியதன் லாபமே எனக்கு அதில்தான், ஏனென்றால் கழியும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் அந்த 25 சதவீதமும் மிச்சம். சூரியத்தகடு போட்டால் மாலை 7 மணிக்கு அது தராது. அந்த மாதம் எங்கள் மில்லின் சி2 ஓட்டம் 34,700 யூனிட். ஸ்டேட்மெண்டில் கழிந்திருந்தது 11,200. ஆனால் இரவுத் துண்டில் தாராளமாகக் கழிந்திருந்தது. எனக்குப் பொருந்தவில்லை. அந்த மாதம் சாயங்காலம் வாசலில் துணி காயப்போட முடியவில்லை, கொடியோடு இழுத்துக்கொண்டு போகிற காற்று. ராத்திரி 11 மணிக்கு ஓடிய காற்றாடி 7 மணிக்கு மட்டும் எப்படி நிற்கும்?

எங்கள் எலக்ட்ரீஷியன் அண்ணன் ஷிப்டுக்கு ஷிப்ட் மீட்டர் ரீடிங் எழுதும் நீளநோட்டை எடுத்துக்கொண்டு கோவைக்குப் போனேன். காற்றாலையின் மொத்த சி2 உற்பத்தியைக் காட்டச் சொன்னேன். அரைமணி நேரம் கழித்துக் காட்டினார்கள். உற்பத்தி இருந்தது. மாலை யூனிட்டில் பெரும்பகுதியைப் பங்குதாரரான வேறொரு பெரிய மில்லுக்கு ஒதுக்கிவிட்டு, எங்களுக்கு இரவு யூனிட்டால் ஈடு கட்டியிருந்தார்கள். மொத்த யூனிட் சரியாக இருக்கும், பணம் மட்டும் 40,000 ரூபாய் குறையும். வாதாடாமல் ஒத்துக்கொண்டார்கள், செப்டம்பரில் கிரெடிட் நோட் வந்தது. அதை மரியாதையாகவே சொல்கிறேன். ஆனால் நான் கேட்டிருக்காவிட்டால் வந்திருக்காது.

இன்னொரு பயம் 2024 மார்ச்சில். பங்குதாரர் மில்களில் ஒன்று ஓட்டத்தை நிறுத்திவிட்டது. கேப்டிவ் விதிப்படி அவரவர் பங்குக்குத் தக்க அளவில்தான் பயன்பாடு இருக்க வேண்டும், 10 சதவீதம் முன்பின் போகலாம். 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. விகிதம் தவறினால் அந்த வருடம் முழுவதற்கும் குறுக்கு மானியக் கட்டணம் விழும். ஆடிட்டர் சான்று, பங்குப் பதிவேடு எல்லாம் நாலே நாளில் கேட்டார்கள். பங்கை மாற்றி எழுதித் தப்பித்தோம். அடுத்த வீட்டு மில் மூடினால் நம் பில் ஏறும் என்று அந்தத் தாளில் எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

முதல் வருடம் கைக்கு வந்த மிச்சம் 14 லட்சத்தை ஒட்டி. அதில் பாதிக்கு மேல் பீக் நேரம் தந்தது. 25 லட்சம் இல்லை, ஆனாலும் ஒரு ஓ.இ. மில்லுக்கு 14 லட்சம் என்பது ஒரு மாத ஈ.பி. பில்லின் பெரும்பகுதி. சேவைக்கு 5க்கு 3.5 கொடுப்பேன். போனை எடுக்கிறார்கள், தப்பை ஒத்துக்கொள்கிறார்கள். கணக்கைத் தாமாகக் காட்டுவதில்லை, அதற்குத்தான் குறைத்தேன்.

போகிறவர்கள் மூன்று வருட உற்பத்தியை மாதவாரியாக, துண்டுவாரியாகக் கேளுங்கள். வருட மொத்தம் வேண்டாம். ஐப்பசி கார்த்திகையில் என்ன வந்தது என்று தனியாகக் கேளுங்கள், நான் கேட்காமல் விட்டது அதைத்தான். கூடப் பங்கு வைத்திருப்பவர்கள் யார், மில் ஓடுகிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள். நம் ஊரில் அது ஒரு டீ குடிக்கிற நேர வேலை.

மூன்றாம் சீசனுக்கு 14 லட்சம் யூனிட்டை 11 லட்சமாகக் குறைத்துப் புதுப்பித்திருக்கிறேன். சி2 யூனிட்டைப் பங்கு விகிதப்படியே பிரிக்க வேண்டும், மாதம் 10ஆம் தேதிக்குள் மொத்த உற்பத்தித் தாளும் வரவேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கியாயிற்று. முதல் தாள் 9ஆம் தேதியே வந்துவிட்டது. மாமா நீளநோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாக டிக் அடித்துக்கொண்டிருக்கிறார்.