பிரிண்டிங் பட்டறை நடத்துவோர் கவனத்திற்கு: வேலை முடிந்தது, ரூ.6,84,000 வரவில்லை

திருப்பூரில் கட்டிங் பீஸ்களுக்கு (தைப்பதற்கு முன் வெட்டிய துணித் துண்டுகளுக்கு) பிரிண்டிங் போட்டுக் கொடுக்கும் சிறு பட்டறை எங்களுடையது. இங்குள்ள ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனம், எங்களுக்குச் சேரவேண்டிய ரூ.6,84,000-ஐத் தர முடியாது என்று நேற்று எழுத்திலேயே சொல்லிவிட்டது. வழக்குக்குப் போவதால் பெயரை இங்கே எழுதவில்லை.

முதலில் கொடுத்த சிறிய பில்களுக்கெல்லாம் சொன்ன தேதிக்கு முன்பே பணம் வந்துவிட்டது. அதன் பிறகுதான் பெரிய ஆர்டர் வந்தது. உரிமையாளர் பட்டறைக்கே நேரில் வந்து, டேபிளில் இருந்த பிரிண்டை எடுத்துப் பார்த்துப் பாராட்டினார், நாங்கள் பி.ஓ. (எழுத்து மூலமான கொள்முதல் ஆர்டர்) கேட்டதும், "நமக்குள்ள எதுக்குங்க பி.ஓ. எல்லாம்? கப்பல் தேதி நெருங்குது, நீங்க ஓட்டுங்க, சரக்கு போனதும் பணம் உங்க கணக்குல இருக்கும்" என்று என் தகப்பனாரின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். வயதில் மூத்தவரின் கையைப் பிடித்துச் சொன்ன சொல் அது. அதை நினைத்தால்தான் எனக்கு ஆறவே இல்லை. இரவு ஷிப்டுக்கு இரட்டைச் சம்பளம் கொடுத்து, மையைக் கடனுக்கு வாங்கி, குறித்த நாளுக்குள் முழுச் சரக்கையும் இறக்கினோம்.

சரக்கு கப்பலேறியது. பணம் கேட்டபோது, பையரிடமிருந்து (அவர்களிடம் சரக்கு வாங்குபவரிடமிருந்து) பேமென்ட் வரட்டும் என்றார்கள். பிறகு மேலாளர் முதலாளியைக் கைகாட்டினார், முதலாளி அக்கவுண்ட்ஸைக் கைகாட்டினார், அக்கவுண்ட்ஸில் இருந்தவர்கள் போனையே எடுப்பதில்லை. மாதங்கள் கழித்து, பிரிண்ட் உரிந்துவிட்டது என்று சொல்லி முழுத் தொகைக்கும் ஒரு டெபிட் நோட் (பில் தொகையைக் கழித்துக்கொள்வதாகச் சொல்லும் சீட்டு) அனுப்பியிருக்கிறார்கள். உரிந்த பீஸ் ஒன்றைக்கூட அவர்கள் காட்டவில்லை, ஒன்றும் திரும்பி வரவில்லை. தரச்சோதனையில் தேறிப் போன அதே சரக்குதான் அது. அந்தப் பில்லுக்கான ஜி.எஸ்.டி.யையும் நாங்கள் எப்போதோ கட்டிவிட்டோம்.

சரக்கைப் பெற்ற 15 நாட்களுக்குள் எழுத்து மூலம் ஆட்சேபம் சொல்லாதவர் அதை ஏற்றுக்கொண்டவராகவே கருதப்படுவார் என்று 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் சொல்கிறது. ஒப்பந்தமே போட்டிருந்தாலும் 45 நாட்களுக்கு மேல் பணத்தை நிறுத்திவைக்க முடியாது. மீறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தின் மும்மடங்கில், மாதந்தோறும் கூட்டுவட்டி ஏறும். ரூ.6,84,000-க்கும் அந்த வட்டிக்கும் சேர்த்து, அரசின் இணையதளம் வழியாக, சிறு நிறுவனங்களின் பாக்கித் தகராறுகளைத் தீர்க்கும் ஃபெசிலிடேஷன் கவுன்சிலில் இந்த வாரமே மனுச் செய்கிறோம். தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தால், அதை எதிர்த்துப் போகவே அவர்கள் 75 சதவீதத் தொகையை முதலில் கட்டியாக வேண்டும்.

விரிவாக எழுத இப்போது மனம் ஓடவில்லை. உத்யம் பதிவை (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவை) முதல் ஆர்டருக்கு முன்பே முடித்துவிடுங்கள். ஒவ்வொரு டெலிவரி சலானிலும் பீஸ் எண்ணிக்கை, தேதி, கையொப்பம், முத்திரை நான்கும் இருக்கிறதா என்று பாருங்கள். பி.ஓ. தர மறுத்தால் விலையையும் தவணையையும் வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்குங்கள். காசோலை திரும்பினால், தகவல் வந்த 30 நாட்களுக்குள் வக்கீல் நோட்டீஸ் போய்விட வேண்டும். பழைய பாக்கி தீராமல் அடுத்த லாட்டைப் பட்டறைக்குள் இறக்க விடாதீர்கள்.