பிளக்கைப் பார்த்துப் பழுதைச் சொல்லும் சிம்மக்கல் பட்டறை

மதுரை சிம்மக்கல் அருகே ஒரு சந்துக்குள் இருக்கும் இந்த இருசக்கர வாகனப் பட்டறைக்கு, 14 ஆண்டுகள் ஓடிய என் 100 சிசி வண்டியைச் சென்ற மாதம் கொண்டுசென்றேன். வேறொரு பட்டறையில் இரண்டு முறை ஸ்பார்க் பிளக் (எஞ்சினுக்குள் தீப்பொறி உண்டாக்கும் பாகம்) மாற்றியும் அது கரி பிடித்துக்கொண்டே இருந்ததால், எஞ்சினை இறக்கிப் போர் வேலை (தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து சரிசெய்வது) செய்தே ஆக வேண்டும் என்று அங்கே சொல்லியிருந்தார்கள்.

இங்குள்ள பெரியவர் பிளக்கைக் கழற்றியதும் துடைக்கவில்லை. வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, நுனியை விரலால் தொட்டார். கரி உலர்ந்து பொடியாக ஒட்டினால் பெட்ரோல் கூடுதலாகப் போகிறது அல்லது ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறது என்றும், வெள்ளைப் பீங்கான் வெளுத்துக் கொப்பளித்திருந்தால் காற்று கூடி எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகிறது என்றும், இப்படி ஈரமாகப் பிசுபிசுத்தால் ஆயில் உள்ளே இறங்குகிறது என்றும் விளக்கினார். ஆயில் இறங்குவதற்கு பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்கின் தேய்மானமும் காரணமாகலாம், வால்வு வழியாக ஆயில் கசியாமல் தடுக்கும் வால்வு சீலும் காரணமாகலாம் என்பதால், எப்போது புகைகிறது என்று கேட்டார். காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் நீலப் புகை வந்து பிறகு நின்றுவிடுகிறது என்றேன். சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரெஷன் கேஜ் வைத்துப் பார்த்ததில் அழுத்தம் சரியாக இருந்ததால் ரிங்கில் குறையில்லை என்று முடிவுசெய்து, எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டை மட்டும் கழற்றி வால்வு சீல் மாற்றினார். மொத்தச் செலவு 1,600 ரூபாய்.

நான் மிகவும் மதித்தது அதற்குப் பிறகு நடந்ததைத்தான். புதிய பிளக் போட்டு, சில கிலோமீட்டர் ஒரே வேகத்தில் ஓட்டி, ஓட்டத்திலேயே கிளட்சைப் பிடித்து எஞ்சினை அணைத்து நிறுத்தி, அதன் பிறகே மறுபடி கழற்றிப் பார்த்தார். நின்ற இடத்தில் வெகுநேரம் ஐடிலில் ஓடவிட்டால் நல்ல எஞ்சினின் பிளக்கிலும் கரி படியும் என்பது அவர் சொன்ன காரணம். எத்தனால் கலந்த பெட்ரோலில் நிறம் முன்னைப்போல் செம்பழுப்பாகப் படியாமல் வெளிறியே இருக்கும் என்பதால், நிறத்தை மட்டும் நம்பி எதையும் சொல்லக்கூடாது என்றும் எச்சரித்தார்.

குறை என்றால் காத்திருப்புதான். ஒருவரே எல்லாவற்றையும் பார்ப்பதால் எனக்கு ஒன்றரை நாள் ஆயிற்று. பில்லும் கேட்டால்தான் எழுதித் தருகிறார். புகைப் பிரச்சினை உள்ளவர்கள் முந்தைய நாள் மாலையே வண்டியை விட்டுவிடுவது நல்லது. இரவு முழுவதும் ஆறிய எஞ்சினில்தான் முதல் ஸ்டார்ட்டின் புகையை அவரால் நேரில் பார்க்க முடியும். அலுமினிய ஹெட்டின் மரைக்குச் சேதமில்லாமல் பிளக்கைக் கழற்றவும் அதுவே ஏற்ற நேரம்.