ஒற்றைப் பிளாஷுக்குத் துணையாக ஒரு ரிஃப்ளெக்டர்: ஓராண்டுப் பயன்பாட்டின் பின்

ஹட்டனில் பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையொன்றில் நான் நடத்தும் ஸ்டூடியோவில் இருப்பது ஒரேயொரு பிளாஷ்தான். இரண்டாவது பிளாஷ் வாங்குவதற்கு முன், முகத்தின் நிழற்பக்கத்தைச் சீராக்க, ஒளியைத் தெறித்துத் திருப்பும் ஒரு ரிஃப்ளெக்டரே போதுமா என்று பார்த்துவிட எண்ணி, கண்டியில் 110 சென்ரிமீற்றர் விட்டமுள்ள ‘ஐந்து முக’ ரிஃப்ளெக்டர் ஒன்றை வாங்கினேன். அதனை ஸ்டூடியோவிலும், தேயிலைத் தோட்டங்களில் நடக்கும் சடங்கு, திருமண வீடுகளிலும் ஓராண்டு காலம் பயன்படுத்திய பின்னரே இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

பொருளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. எஃகு வளையத்தில் இழுத்துக் கட்டிய, ஒளியை ஊடுருவவிடும் வெள்ளைத் துணி ஒன்று உள்ளே இருக்கிறது. அதன்மேல் போர்த்தும் சிப் வைத்த உறையின் ஒரு புறம் வெள்ளி, மறுபுறம் கறுப்பு; உறையை உள்வெளியாகத் திருப்பினால் தங்கமும் வெள்ளையும் வெளியே வரும். முறுக்கி மடித்தால் விட்டம் மூன்றிலொரு பங்காகச் சுருங்கிப் பைக்குள் அடங்கிவிடும் என்பதால், மஸ்கெலியா பஸ்ஸில் நெரிசலுக்கிடையே மடியில் வைத்துக்கொண்டு போகலாம்.

வாங்கிய முதல் வாரத்திலேயே, கடைக்காரர் மிகவும் பரிந்துரைத்த வெள்ளி முகத்தை வெள்ளை முகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். அறைச் சுவர்களில் கறுப்புத் துணி தொங்கவிட்டு, ஒளியைப் பரப்பும் குடை பொருத்திய பிளாஷை முகத்திலிருந்து நான்கடி தூரத்தில், பக்கவாட்டில் 45 பாகையில் நிறுத்தி, எதிர்ப்புறத்தில் இரண்டடி தூரத்தில் ரிஃப்ளெக்டரை வைத்தேன். ஒளியை அளக்கும் பிளாஷ் மீற்றர் ஒளிப்பக்கத்தில் எஃப் 8 காட்டியபோது, நிழற்பக்கத்தில் வெள்ளை முகம் எஃப் 4 அளவும் வெள்ளி முகம் எஃப் 5.6 அளவும் தந்தன. எஃப் எண் 8, 5.6, 4 என ஒரு படி (ஒரு ஸ்டொப்) இறங்கும்போதெல்லாம் ஒளி பாதியாகும்; அதாவது வெள்ளியிலிருந்து வந்த ஒளி வெள்ளையிலிருந்து வந்ததைப் போல இரு மடங்கு. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் வெள்ளிக்கே வெற்றி. படத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் என் எண்ணம் மாறியது.

நம்மவரின் கறுத்த தோலிலும் மாநிறத் தோலிலும் முகத்தின் வடிவத்தை எடுத்துக்காட்டுவது பெரும்பாலும் தோலின் மேற்பரப்பில் தெரியும் மினுக்கமே. வெளிர்ந்த தோல் தன்மீது விழும் ஒளியில் கணிசமான பகுதியை எல்லாத் திசைகளிலும் சிதறவிடும். கறுத்த தோல் குறைவாகவே சிதறவிடுவதால், கன்னத்திலும் நெற்றியிலும் நேராகத் தெறிக்கும் ஒளியே அதிகம் கண்ணில் படுகிறது. ஆகவே அந்த மினுக்கம் அகலமாகவும் மென்மையாகவும் இருந்தால் முகம் உருண்டு திரண்டு நிற்கும். ஒடுங்கிப் புள்ளிபுள்ளியாக இருந்தால் எண்ணெய் வடியும் முகமாகத் தோன்றும். வெள்ளித்துணி கண்ணாடியைப் போல நடந்துகொண்டு இரண்டாவது விளைவைத் தருகிறது. அருகில் வைத்த பெரிய வெள்ளைப் பரப்பு முதலாவதைத் தருகிறது. நாற்பது வருடம் கொழுந்து பறித்து ஓய்வுபெற்ற ஒரு பாட்டியை நான் வெள்ளை முகத்தால் எடுத்த படத்தில், நெற்றிச் சுருக்கங்கள் ஒவ்வொன்றும் இருக்க வேண்டிய அளவு ஆழத்தோடு இருந்தன. முன்னர் வெள்ளியை வைத்தபோது, ஜன்னல் வெளிச்சமும் அதில் பட்டுத் தெறித்ததால் “கண்ணு கூசுது தம்பி” என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வெள்ளியில் இன்னுமொரு சிக்கல் உண்டு. பிளாஷ் கணநேரமே மின்னுவதால், ரிஃப்ளெக்டர் எங்கே ஒளியை அனுப்புகிறது என்பதைப் படம் எடுத்த பின்னரே அறிய முடிகிறது. வெள்ளி முகம் விழும் கோணத்திற்குச் சமமான கோணத்திலேயே ஒளியைத் திருப்புவதால், சிறிது சாய்ந்தாலும் ஒளி கன்னத்தைத் தவறவிட்டுக் காதுக்குப் பின்னால் போய்விடும். இதற்கு நான் கண்ட வழி, படம் எடுக்கப்படுபவரின் நிழற்பக்கக் கன்னம் இருக்கும் இடத்தில் என் கண்ணை வைத்து ரிஃப்ளெக்டரைப் பார்ப்பது. குடையின் மங்கலான உருவம் வெள்ளித்துணியில் தெரிந்தால் கோணம் சரி. வெள்ளை முகம் எல்லாத் திசைகளிலும் ஒளியைப் பரப்புவதால் இந்தக் கவலை பெருமளவு குறைகிறது. உதவியாளர் இல்லாமல் தனியாக வேலை செய்பவருக்கு இது சிறிய வசதியல்ல.

தூரம்தான் எல்லாவற்றையும்விட முக்கியமானது என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அதே வெள்ளை முகத்தை இரண்டடியிலிருந்து நான்கடிக்குத் தள்ளியபோது நிழற்பக்க ஒளி மேலும் ஒரு ஸ்டொப்புக்கு மேல் குறைந்தது. பலர் ரிஃப்ளெக்டரைப் படச்சட்டத்திலிருந்து வெகுதூரத்தில் வைத்துவிட்டு, வெள்ளை முகத்திற்குப் பலமில்லை என்று வெள்ளிக்குத் தாவுகிறார்கள். சட்டத்தின் விளிம்பில் துணி எட்டிப் பார்க்கும் அளவுக்குக் கொண்டுவந்து, பின் ஒரு விரற்கடை விலக்கி வைத்தால் வெள்ளையே போதும்.

நான் எதிர்பாராமல் அதிகம் பயன்படுத்தியது கறுப்பு முகம். எங்கள் பக்கத்துச் சிறிய ஸ்டூடியோக்களில் சுவரும் தாழ்ந்த கூரையும் வெள்ளையடித்தே இருக்கும். குடையிலிருந்து சிதறும் ஒளி அங்கெல்லாம் பட்டுத் திரும்பி நிழற்பக்கத்தை ஏற்கெனவே நிரப்பிவிடுகிறது. அத்தகைய அறையில் ரிஃப்ளெக்டரை வைத்தும் மாற்றம் தெரியவில்லை என்று குறைப்படுவோர், அறையே ஒரு ரிஃப்ளெக்டராக இருப்பதைக் கவனிப்பதில்லை. கறுப்பு முகத்தை நிழற்பக்கக் கன்னத்தருகே நிறுத்தினால் அந்தச் சுவரொளி தடைப்பட்டு, தாடையின் கோடு தெளிவாக எழுகிறது. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் காம்பராவில் படம் எடுக்கும்போது இதன் அருமை இன்னும் கூடுகிறது. நீலமோ பச்சையோ பூசிய சுவர் ஓரடி தள்ளி இருந்தால் அதன் நிறம் கன்னத்தில் படியும். கறுப்பு முகம் அதை மறைத்துவிடும், வெள்ளை முகமோ மறைத்து அவ்விடத்தில் சுத்தமான ஒளியையும் தரும்.

தேயிலை மலையிலும் இதே கதைதான். இடுப்பளவு உயர்ந்த செடிகளுக்கு நடுவே நிற்பவரின் தாடைக்குக் கீழும் மூக்கிற்குக் கீழும் இலைகளின் பச்சை ஏறிவிடுகிறது. பிளாஷைத் தலைக்குச் சற்று மேலே முன்புறம் வைத்து, வெள்ளை முகத்தை வயிற்றளவில் கிடையாகப் பிடிக்கச் செய்தால், கீழிருந்து வரும் பச்சை தடைப்பட்டு, கண்குழிகளில் மென்மையான ஒளி நிரம்பி, கண்மணியில் இரண்டாவதாக ஓர் ஒளிப்பொட்டும் தெரியும். கீழொளி மேலொளியை மிஞ்சினால் முகம் அச்சம் தருவதாக மாறிவிடும். அதனால் இங்கு வெள்ளியைத் தவிர்ப்பது நல்லது. வெளியில் இந்த வட்டத்தின் பெருங்குறை காற்று. ஹப்புத்தளை மேட்டில் ஒருமுறை ஸ்டாண்டோடு சேர்த்து அதைக் காற்று தூக்கிச் சென்றது. அன்றிலிருந்து வெளியிடங்களில் ஓர் ஆள் கையால் பிடிக்காமல் நான் அதை விரிப்பதில்லை.

தங்க முகத்தை நான் தொடுவதில்லை. பிளாஷ் ஒளியின் நிற வெப்பநிலை ஏறத்தாழ 5500 கெல்வின், அதாவது பகல் வெளிச்சம் போன்ற வெண்மை. அதன் ஒரு பகுதி தங்கத்தில் பட்டுத் திரும்பும்போது முகத்தின் ஒரு பாதி வெள்ளையாகவும் மறுபாதி மஞ்சளாகவும் ஆகிவிடுவதால், வெண்சமநிலையை (படத்தின் நிறச் சாயலை) எப்படித் திருத்தினாலும் ஒரு பாதி பிழையாகவே நிற்கும்.

உள்ளிருக்கும் ஊடுருவு துணி பயனுள்ளது. வெறும் பிளாஷை அதற்குப் பின்னால் மூன்றடியில் வைத்தால், ஒன்று முதல் இரண்டு ஸ்டொப் இழப்போடு, பெரிய சொஃப்ட்பொக்ஸுக்கு (பிளாஷின் முன் மாட்டும் துணிப்பெட்டிக்கு) நிகரான மென்மை கிடைக்கிறது. ஆனால் வளையம் அங்கே போய்விட்ட பின் உறை வெறும் துணியாகக் கதிரையில் தொங்குமே தவிர, நிமிர்ந்து நிற்காது. ஐந்து முகம் என்று விற்றாலும் ஒரு வேளையில் ஒரு முகமே உங்களுக்குக் கிடைக்கிறது என்பதை வாங்கும்போதே தெரிந்திருக்க வேண்டும்.

அளவைப் பொறுத்தவரை, 60 சென்ரிமீற்றர் வட்டம் முகத்திற்கு மட்டுமே போதும். சேலையும் நகையும் தெரிய இடுப்பு வரை எடுப்பவர் 110க்குக் குறைத்து வாங்க வேண்டாம்.

ஸ்டூடியோவுக்குள் மட்டும் வேலை செய்பவர் இதை வாங்கத்தான் வேண்டுமா என்றால், வேண்டியதில்லை என்பதே என் பதில். ஹார்ட்வெயார் கடையில் கிடைக்கும் ஓர் அங்குலத் தடிப்புள்ள ரிஜிபோம் (வெள்ளை நுரைப் பலகை) தகட்டை வாங்கி, நான்கடி உயரத் துண்டுகள் இரண்டாக வெட்டி, விளிம்பில் டேப் ஒட்டிப் புத்தகம் போல விரித்தால், அது ஸ்டாண்ட் இல்லாமலே நிற்கும். ஒளியின் மென்மையில் துணியின் வெள்ளை முகத்திற்கு எவ்வகையிலும் குறைந்ததல்ல. ஒரு பக்கத்தில் கறுப்புக் கடதாசி ஒட்டினால் கறுப்பு முகமும் ஆயிற்று. எனது ரிஃப்ளெக்டரின் விலைக்கு இத்தகைய தகடுகள் பல வாங்கலாம். தோட்டம் தோட்டமாகப் பயணம் செய்பவருக்கோ, மடித்து எடுத்துச் செல்லக்கூடிய வட்டத்திற்கு மாற்றில்லை.

வாங்குபவர்கள் தையலையும் சிப்பையும் கடையிலேயே இழுத்துப் பாருங்கள். என்னுடையதில் ஆறாம் மாதத்தில் சிப் பழுதடைந்தது. மழைக்காலத்தில் ஈரத்தோடு மடித்துப் பைக்குள் வைத்ததால் வெள்ளைத் துணியில் பூஞ்சணம் பிடித்துச் சாம்பல் நிறப் புள்ளிகள் விழுந்தன. கழுவியும் முழுதாகப் போகவில்லை. இப்போது ஒவ்வொரு வேலைக்குப் பின்னும் அதை விரித்தபடியே ஸ்டூடியோச் சுவரில் ஓரிரவு மாட்டி வைத்துவிட்டு, மறுநாள் காலையில்தான் மடிக்கிறேன்.