கடைசிப் படகு மூன்று மணிக்கு: தீவகமும் மன்னாரும்

ரொறன்ரோவிலிருந்து ஊருக்குப் போகிற எங்கள் ஆட்களின் பயணம் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. கட்டுநாயக்காவில் இறங்கி நீர்கொழும்பில் ஒரு இரவு, சிகிரியா, கண்டி, எல்லவில் ஒன்பது வளைவுப் பாலத்தில் நின்று படம், பிறகு யாழ்ப்பாணம். அங்கே நல்லூர், சொந்தக்காரர் வீடுகளில் சோடாவும் பிஸ்கற்றும், பின்னேரம் ரியோவில் ஐஸ்கிரீம். எங்கள் பிள்ளைகளும் இதையே பார்த்து வளர்ந்தார்கள். இந்த முறை மலைநாட்டை முழுதாக வெட்டிவிட்டு, யாழ்ப்பாணத் தீவகத்தையும் மன்னாரையும் நடுவில் வைத்துப் பயணத்தைப் போட்டோம். கொக்குவிலில் மாமிக்கு இது பிடிக்கவேயில்லை. "இவ்வளவு காசைக் கட்டிப் பறந்து வந்து நெடுந்தீவிலை என்னத்தைப் பாக்கப் போறியள்? வெய்யிலையோ?" என்றார்.

வெய்யில் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அதையும் தாண்டிச் சொல்ல நிறைய இருக்கிறது. படகு, வான், தங்குமிடம் எல்லாம் இப்போது எப்படி இருக்கின்றன என்று கேட்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் மாதம். பள்ளிக்கூட விடுமுறை என்று ஜூலை, ஆகஸ்டில் போனால் சோளகக் காற்று. குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து நெடுந்தீவுக்குப் போகும் கடல் அப்போது நல்லாகவே குலுக்கும், வயிறு பலவீனமானவர்களுக்குச் சரிவராது. அதோடு நல்லூர்த் திருவிழா 25 நாளும் யாழ்ப்பாணத்தில் அறை தேடுவது பெரும்பாடு. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி என்றால் வாடைக்காற்றும் மழையும். மன்னாருக்கு வரும் பூநாரைகள் பங்குனியோடு கிளம்பத் தொடங்கிவிடும். கூட்டிக் கழித்துப் பார்த்தால் பெப்ரவரியும் மார்ச்சும்தான் மிஞ்சுகின்றன. ஒன்ராறியோவின் மார்ச் பிரேக்கோடு சில பள்ளிக்கூட நாட்களையும் சேர்த்து வெட்டிக்கொண்டோம், ஆசிரியை ஒன்றும் சொல்லவில்லை. ஒரு விடயம் மட்டும் கவனம்: கச்சதீவு அந்தோனியார் திருவிழா பெப்ரவரி கடைசியிலோ மார்ச்சிலோ வரும். அந்த நாட்களில் குறிகட்டுவான் இறங்குதுறை யாத்திரிகர்களால் நிரம்பி வழியும். திகதியைப் பார்த்துவிட்டு ரிக்கெற் எடுங்கள்.

அடுத்தது வான். கொழும்பில் ஒரு பயண நிறுவனத்திடம் ஹையேஸ் வான் ஒன்றை இங்கிருந்தே பேசியிருந்தோம். பெயர் வேண்டாம். மின்னஞ்சலில் எல்லாவற்றுக்கும் ஓம் என்றவர்கள், புறப்படுவதற்கு முதல் நாள் அனுப்பிய திட்டத்தில் மன்னார் இருக்கவில்லை. அந்த இடத்தில் மாத்தளையில் ஒரு மசாலாத் தோட்டமும் கண்டியில் ஒரு மாணிக்கக்கல் கடையும் இருந்தன. தொலைபேசியில் கேட்டால், "மன்னாரில் பார்க்க ஒன்றும் இல்லை மேடம், பிள்ளைகள் களைத்துப்போவார்கள்" என்று அந்த நிறுவனத்துக்காரர் பரிவாகச் சொல்கிறார். மசாலாத் தோட்டத்தில் பிள்ளைகள் களைக்கமாட்டார்களாம். அந்தக் கடைகளில் நாங்கள் வாங்குவதில் இவர்களுக்கு ஒரு பங்கு போகும், மன்னார்ப் பெருக்க (பாவோபாப்) மரத்தடியில் யார் பங்கு கொடுப்பது? முற்பணத்தில் பாதிதான் திரும்பி வந்தது, அதுவும் இழுபட்டு. அப்புறம் மச்சான் யாழ்ப்பாணத்திலேயே ஒரு சாரதி அண்ணையைப் பிடித்துத் தந்தார், நாங்கள் ரயிலில் வடக்கே போய்ச் சேர்ந்தோம். என் அபிப்பிராயம் இதுதான்: வடக்கைப் பார்க்கப் போகிறவர்கள் வானை வடக்கில் பிடியுங்கள். கொழும்பு வான் ஓடிப்போய்ச் சேரும் தூரத்துக்கும் சாரதியின் இரவுத் தங்கலுக்கும் சேர்த்து நீங்கள்தான் கட்டுகிறீர்கள். தவிர, கொழும்புச் சாரதிக்குப் புங்குடுதீவில் எந்தக் கடையில் நல்ல சாப்பாடு என்று தெரியாது.

சென்னையிலிருந்து பலாலிக்கு விமானமும், நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலும் இப்போது இருக்கின்றன. இந்தியாவையும் சேர்த்துப் பார்ப்பவர்களுக்கு வசதி. ஆனால் கப்பல் 2023 ஒக்ரோபரில் தொடங்கியதிலிருந்து நின்று நின்றுதான் ஓடுகிறது, அதை நம்பி மிச்சப் பயணத்தைக் கட்டாதீர்கள்.

சரி, நெடுந்தீவு. பண்ணைப் பாலத்தைத் தாண்டி, வேலணை, வாணர் தாம்போதி, புங்குடுதீவு என்று இரண்டு பக்கமும் ஆழமில்லாத கடலைப் பார்த்துக்கொண்டே போனால் வீதி குறிகட்டுவானில் முடிந்துவிடும். யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். இ.போ.ச. என்ற அரச பஸ்ஸும் தனியார் பஸ்ஸும் இறங்குதுறை வரைக்கும் போகின்றன, படகு நேரத்தை ஒட்டியே ஓடுகின்றன. நாங்கள் போன சமயம் காலையில் எட்டு, ஒன்பது மணியளவில் படகுகள் போயின, அங்கிருந்து திரும்பக் கடைசிப் படகு பிற்பகல் மூன்று மணி. இந்த நேரம் காற்றுக்கும் ஆட்களுக்கும் ஏற்றபடி மாறும். இணையத்தில் இருக்கும் அட்டவணைகளை நம்பவேண்டாம், முதல் நாள் இரவு நெடுந்தீவில் யாருக்காவது போன் அடித்துக் கேட்பதுதான் வழி.

படகில் முதலில் ஏறுவது நாங்கள் அல்ல, சாமான்கள். காஸ் சிலிண்டர், மரக்கறி மூட்டை, சீமெந்து, ஒரு மோட்டார் சைக்கிள், கடைசியாகக் கட்டிப்போட்ட ஒரு கோழிக் கூடை. தீவுக்குப் போகும் எல்லாமே இந்த வழிதான். ஆட்கள் படியிறங்கிப் படகின் வயிற்றுக்குள் பலகையில் உட்காரவேண்டும். பாதுகாப்பு அங்கி தருகிறார்கள், போடச் சொல்லியும் நிற்கிறார்கள், அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. கீழே டீசல் மணமும் வெக்கையும் சேர்ந்து அடிக்கும். பழகிய ஆட்கள் ஏறியதுமே தலையைச் சாய்த்து நித்திரையாகிவிட்டார்கள். என் மகள் வாசலோரம் இடம் பிடித்துக்கொண்டாள், அது கெட்டித்தனம். பயணம் ஒரு மணி நேரம். படகுக் காசு, கனடாவில் ஒரு கோப்பிக்குக் கொடுப்பதில் பாதிகூட வராது. பக்கத்தில் இருந்த வயதான அம்மா ஒருவர் குமுதினிப் படகைப் பற்றிச் சொன்னார். 1985 மே 15 அன்று இதே கடலில் அந்தப் படகில் போன பயணிகள், குழந்தைகள் உட்பட, வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அவருடைய தெருவிலும் ஒரு வீட்டில் இழப்பு. சொல்லிவிட்டு, பிள்ளைக்குச் சாப்பிடக் கொடுத்தீர்களா என்று கேட்டார்.

மாவிலித்துறையில் இறங்கியதும் ஓட்டோக்காரர்கள் சூழ்வார்கள். ஏறுவதற்கு முன்பே விலையையும், எந்தெந்த இடம் என்பதையும் சேர்த்துப் பேசுங்கள். "எல்லா இடமும்" என்று சொன்னால் ஒவ்வொருவருக்கும் எல்லா இடம் வேறு. எங்களுக்குக் கிடைத்த தம்பி நேர்மையானவர். வைத்தியசாலைக்குப் பின்னால் நிற்கும் ஒல்லாந்தர் கோட்டை, புறாக்கூடு, பெருக்க மரம், தெற்குப் பக்கம் குதிரைகள், குயின்ஸ் ரவர் என்று வரிசையைச் சொல்லி, வளரும் கல்லும் கால்தடமும் வேண்டுமென்றால் வெய்யிலுக்குள் இன்னும் அரை மணி ஆகும் என்றார். அவை இரண்டையும் விட்டோம், இழப்பு இல்லை.

எனக்குக் கோட்டையைவிட வேலிகள்தான் பிடித்தன. ஊர் முழுக்க முருகைக்கல் வேலி. சாந்து கிடையாது, கல்லின்மேல் கல்லாக நெஞ்சளவுக்கு அடுக்கியிருக்கிறார்கள். கிட்டப் போய்ப் பார்த்தால் ஒவ்வொரு கல்லிலும் பவளப்பூச்சி கட்டிய சின்னச் சின்ன அறைகள் அப்படியே தெரியும், தேனடை போல. மகன் விரலால் தடவிக்கொண்டே நடந்தான். ஒரு கல் சரிந்து கிடந்த இடத்தில் ஓட்டோத் தம்பி நிறுத்தி, இறங்கி, அதை எடுத்து இரண்டு முறை திருப்பிப் பார்த்துப் பொருந்துகிற பக்கமாக வைத்துவிட்டு வந்தார். யாருடைய வளவு என்று கேட்டேன். தெரியாதாம்.

குதிரைகள் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்து வரவு என்பார்கள். ஆங்கிலேயர் காலத்தில் நோலன் என்ற அதிகாரி இங்கே குதிரை வளர்ப்பைப் பெரிதாக நடத்தினார். இப்போது கட்டாக்காலியாகத் திரிகின்றன, வறட்சிக் காலத்தில் தண்ணீருக்குத் தவிக்கும். வானுயரப் பாயும் வெள்ளைக் குதிரையை எதிர்பார்த்து வராதீர்கள். மெலிந்த, கபில நிறக் குதிரைகள் வெட்டவெளியில் மேய்கின்றன, கிட்டப் போனால் விலகிப் போகும். பிள்ளைகளுக்கு அதுவே போதுமாக இருந்தது. இதற்கெல்லாம் கட்டணம் எதுவும் இல்லை. சிகிரியாவில் வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்காரரிடம் 30 டொலருக்குக் குறையாமல் வாங்குகிறார்கள், தமிழில் கதைத்தாலும் சிங்களத்தில் கதைத்தாலும் கடவுச்சீட்டு கனடா என்றால் கனடாதான்.

ஒரே நாளில் போய்த் திரும்பினால் தீவில் கிடைப்பது நாலைந்து மணி நேரம், அதுவும் உச்சி வெய்யிலில். ஒரு இரவு தங்குங்கள். விருந்தினர் விடுதிகள் ஒன்றிரண்டு இருக்கின்றன. அறை எளிமை, மின்விசிறி ஓடும், துவாய் கொண்டுபோவது நல்லது. சாப்பாட்டை முதல் நாளே சொல்லவேண்டும். நாங்கள் நின்ற இடத்து அக்கா தொலைபேசியில் கேட்ட கேள்வி, "எத்தினை பேர், மீனோ நண்டோ, உறைப்பு வேணுமோ?" அவ்வளவுதான். அறையைப் பற்றி நான் கேட்டதற்கு, "வாங்கோ, வந்து பாருங்கோ" என்றார். இங்கே முன்பதிவுச் செயலிகளில் டொலரில் ஒரு விலை போட்டிருப்பார்கள். நேரே அடித்துப் பேசினால் ரூபாயில் குறையும், வீட்டுக்காரருக்கும் தரகு மிச்சம். ஆனால் எழுத்தில் எதுவும் இருக்காது, வாட்ஸப்பில் ஒரு குரல் பதிவுதான் ஆதாரம். எங்களுக்கு எல்லா இடத்திலும் அது போதுமாக இருந்தது.

நயினாதீவு எல்லோருக்கும் தெரிந்ததுதான். குறிகட்டுவானிலிருந்து கால் மணி நேரப் படகு. நாகபூசணி அம்மன் கோயில் பக்கம் ஒரு துறை, நாகவிகாரைப் பக்கம் இன்னொரு துறை, எதில் இறக்குவார்கள் என்று கேட்டு ஏறுங்கள். மத்தியானம் அன்னதானம் இருக்கிறது, தனியாகச் சாப்பாடு தேடவேண்டாம்.

ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே பாதை, அதாவது ஆட்களை ஏற்றும் மிதவைப் படகு, ஓடுகிறது. நாங்கள் நடந்து ஏறினோம், சாரதி அண்ணை யாழ்ப்பாணத்தைச் சுற்றிக்கொண்டு காரைநகருக்கு வந்தார். சைக்கிளோடு பள்ளிக்கூடப் பிள்ளைகள், மீன் பெட்டியோடு ஒருவர். போகும்போதே நடுக்கடலில் ஹம்மன்ஹீல் கோட்டை தெரியும். ஒரு காலத்தில் சிறை, இப்போது கடற்படை நடத்தும் விடுதி. படங்களில் அழகாகத்தான் இருக்கிறது. அங்கே தங்குவதா என்ற பேச்சு எங்கள் வீட்டில் மாமி ஒரு பார்வை பார்த்ததோடு முடிந்தது. இதில் யாருக்கும் புத்தி சொல்ல நான் வரவில்லை, ஆனால் யார் நடத்துவது என்று தெரிந்துகொண்டு பதிவு செய்யுங்கள். வடக்கில் கடலைப் பார்த்தபடி இருக்கும் விடுதிகளில் இது ஒன்று மட்டும் அல்ல.

கழிப்பறை விடயத்தில் இறங்குதுறைகளை நம்பாதீர்கள். சின்னப் பிள்ளைகளோடும் வயதானவர்களோடும் போகிறவர்கள் புறப்படும் இடத்திலேயே முடித்துக்கொண்டு போகவேண்டியதுதான்.

மன்னாருக்கு யாழ்ப்பாணத்திலிருந்து ஏ9 வீதியால் சுற்றவேண்டியதில்லை. 2011இல் சங்குப்பிட்டிப் பாலம் திறந்ததிலிருந்து பூநகரி வழியாக நேரே போகலாம், இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. வழியில் பூநகரிக் கோட்டையின் எச்சம், பிறகு நெடுகப் பற்றையும் வெளியும். கடை குறைவு, தண்ணீர் எடுத்துக்கொண்டு போங்கள். மன்னார்ப் பெருந்தரைப் பாலத்தை நெருங்கும்போது வங்காலைப் பக்கம் சேற்று நீரில் பூநாரைக் கூட்டம். தொலைவில் இளஞ்சிவப்புக் கோடாகத்தான் தெரியும், தொலைநோக்கி இல்லாமல் போனால் பிள்ளைகள் அதைக் கொக்கு என்றே சொல்வார்கள். பட்டணத்தில் கழுதைகள் வீதி நடுவில் நிற்கும், ஹோர்ன் அடித்தாலும் அசையாது.

பள்ளிமுனைப் பெருக்க மரத்தை எல்லோரும் பார்ப்பார்கள். திருக்கேதீச்சரமும் அப்படியே. என்னைக் கேட்டால் அரிப்புக்குப் போங்கள். முதல் ஆங்கிலேய ஆளுநர் பிரெட்ரிக் நோர்த் முத்துக்குளிப்பை மேற்பார்க்க 1800களின் தொடக்கத்தில் கட்டிய மாளிகை அங்கே கடலோரத்தில் இடிந்து நிற்கிறது. செங்கல் சுவர்களில் ஒன்றிரண்டு தூண்கள் மிச்சம், கரை அரித்து அரித்து ஒரு பக்கம் கடலுக்குள் போய்க்கொண்டிருக்கிறது. சீட்டுக் கொடுப்பவரும் இல்லை, வழிகாட்டியும் இல்லை, கயிறும் இல்லை. விளிம்பில் மண் உதிரும், பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள்.

மன்னாரில் அறைகள் யாழ்ப்பாணத்தைவிட மலிவு, ஆனால் இரவு எட்டு மணிக்குப் பிறகு சாப்பாடு தேடுவது சிரமம். கடன் அட்டை பெரும்பாலான இடங்களில் எடுபடாது. பட்டணத்தில் ஏரிஎம் இருக்கிறது, தலைமன்னார்ப் பக்கம் போகுமுன் அங்கேயே எடுத்துக்கொள்ளுங்கள்.

திரும்பிக் கொழும்புக்கு ரயில். தலைமன்னார்ப் பாதை 2015இல் மறுபடி திறந்தது, தலைமன்னாரிலேயே ஏறினால் பழைய இறங்குதுறையையும் பார்த்துவிட்டு வரலாம். 1964 புயல் தனுஷ்கோடியை அழிக்குமுன் இங்கிருந்துதான் அங்கே கப்பல் போனது. பாதை வேலை நடக்கும் காலங்களில் ரயில் ஓடாது, முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். ஆசனப் பதிவை நேரத்தோடு செய்தால் நல்லது. சாப்பாட்டுப் பெட்டி இணைப்பார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள், மன்னாரில் பார்சல் கட்டிக்கொண்டு ஏறுங்கள். எங்கள் பெட்டிக்கு வடைக்காரர் மதவாச்சி தாண்டித்தான் வந்தார். சில்லறை வைத்திருங்கள், ஐயாயிரம் ரூபாய்த் தாளைக் கண்டால் அவர் அடுத்த பெட்டிக்குப் போய்விடுவார்.