சட்டம் படிக்க வந்தவருக்கு இருமொழி பேர் ஆக்ட்: எதை வாங்கலாம்?

திருச்சி, தஞ்சைப் பக்கம் சட்டப் படிப்பில் சேரும் பிள்ளைகள் பலர் முதலில் வாங்குவது கைடு. பேர் ஆக்ட், அதாவது உரை ஏதும் இல்லாமல் சட்ட வாசகம் மட்டும் அச்சான புத்தகம், பரீட்சை நெருக்கத்தில்தான் கைக்கு வரும். வரிசையை மாற்றிப் போடுங்கள். தமிழ் வழியில் படித்து வந்தவர்களுக்கு ஆங்கிலமும் தமிழும் சேர்ந்த டைக்ளாட் பதிப்பு போல உதவும் புத்தகம் வேறில்லை.

பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்கு (ஐ.பி.சி.) பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 326-ஆம் பிரிவின் முதல் கூறையே பாருங்கள். பாசனத் தண்ணீரைக் குறைத்தால் ஐந்தாண்டு வரை சிறை என்று கைடு ஒரே வரியில் முடித்துவிடும். அதை நம்பினால், மேல்மடைக்காரர் வாய்க்காலை மறித்தாலே குற்றம் என்று எழுதத் தோன்றும். சட்ட வாசகமோ 'மிஸ்சீஃப்' (சொத்துக்குக் கேடு) செய்து அப்படிக் குறைத்தால்தான் என்கிறது. அது என்ன என்று அறிய, அதை வரையறுக்கும் 324(1)-க்குத் திரும்ப வேண்டும். அநியாய நட்டம் விளைவிக்கும் எண்ணமோ, விளையும் என்ற அறிவோ இருக்க வேண்டும். பொருள் அழிய வேண்டும், அல்லது அதன் மதிப்போ பயனோ குறையும்படி மாற வேண்டும். தண்ணீரில் தனக்கும் பாத்தியதை உண்டென்று மனதார நம்பி மறித்தவரின் வாதம் நிற்கும் இடம் இதுதான். மதிப்பெண்ணும் இங்கேதான்.

பிரிவுக்குக் கீழே வரும் எடுத்துக்காட்டுகளைப் படிக்காமல் விடாதீர்கள். திருட்டை வரையறுக்கும் 303(1)-இன் முதல் எடுத்துக்காட்டில், அடுத்தவர் நிலத்து மரத்தைத் திருடும் எண்ணத்தோடு வெட்டியவுடனே திருட்டு முடிந்துவிடுகிறது. வண்டியில் ஏற்ற வேண்டியதில்லை.

பாக்கெட் சைஸ் வேண்டாம். மயிலாடுதுறையிலிருந்து பாசஞ்சரில் வந்துபோகிறவர்கள் கனம் குறைவு என்று அதை எடுக்கிறார்கள். ஓடும் ரயிலில் அந்தப் பொடி எழுத்தில் 'மற்றும்', 'அல்லது' கண்ணுக்குத் தப்பும். பிரிவின் அர்த்தமே மாறிவிடும். பசை மட்டும் போட்ட பைண்டிங் அடிக்கடி புரட்டும் இடத்தில் விட்டுப்போகும். நூல் தைத்ததாகப் பார்த்து வாங்குங்கள். தமிழ்ப் பகுதியில் பிரிவு எண்கள் அச்சுப்பிழையாக வருவதுண்டு. சந்தேகம் வந்தால் அரசின் சட்டத் தொகுப்பான இந்தியா கோட் தளத்தில் இருக்கும் இலவச பி.டி.எஃப்-உடன் ஒத்துப் பாருங்கள்.

பழைய புத்தகக் கடையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று 511 பிரிவுள்ள ஐ.பி.சி.யை மட்டும் எடுத்து வராதீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருப்பது 358 பிரிவுள்ள புதுச் சட்டமான நியாய சன்ஹிதா. கொலைக்குத் தண்டனை சொல்லும் 302 இப்போது 103(1), மோசடிக்கான 420 இப்போது 318(4). அதற்காகப் பழையதை எடைக்குப் போடவும் வேண்டாம். அந்தத் தேதிக்கு முன் நடந்த குற்றங்களுக்கு ஐ.பி.சி.தான், இத்தனை வருஷத்துத் தீர்ப்புகளும் பழைய எண்ணில்தான் பேசுகின்றன. பின்னால் பழைய, புது எண்களின் ஒப்பீட்டு அட்டவணை இருக்கும் புதுப் பதிப்பே நல்லது. எந்தச் சூழலில் செயல் குற்றமாகாது என்று சொல்லும் பொது விதிவிலக்குகள், ஐ.பி.சி.யில் 76 முதல் 106 வரை இருந்தவை புதுச் சட்டத்தில் 14 முதல் 44 வரை வந்திருக்கின்றன. வரிசை பெரிதாக மாறாததால் அங்கிருந்து பழகுவது சுலபம்.

ஹைலைட்டர் போட்டால் மெல்லிய தாளில் மறுபக்கம் ஊறிவிடும். பென்சிலால் விளக்கம், எடுத்துக்காட்டு, விதிவிலக்கு மூன்றுக்கும் ஓரத்தில் தனித்தனிக் குறி போதும்.